மெதப்புச் சோளம்

நாமக்கல்லுக்குக் கெழக்க, கொல்லிமலை நெழலு வெடியால வந்து நீட்டிப் படுத்துக்கற வெள்ளக்கல்மேடுங்கற ஊருல, மனுசன விடக் கோழி எச்சா, கோழிய விட ஈ எச்சா, ஈய விடப் பண்ணை மொதலாளிங்க சொல்ற சமாதானம் எச்சான்னு இருந்த காலத்துல, ஒரு செவ்வாக்கெழம காலைல பெரிய கொட்டாயில தீவனம் போடப் போனவங்க பாத்தா, கூண்டுக்குள்ள ஒரு கோழி கூட நிக்கல, எல்லாம் மேக்கம்பியில முதுகு ஒட்ட, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, துணிக்கடையில மாட்டி வெச்ச சட்டையாட்டம் மெதந்துக்கிட்டு இருந்துச்சுங்க.

பாத்தவங்க என்ன பண்ணுனாங்க? "மேல போயிருச்சுங்களாட்ட இருக்குது"ன்னாங்க. தீவனத் தொட்டிய அவுத்து மேல தூக்கிக் கட்டுனாங்க. டீ குடிக்கப் போயிட்டாங்க.

கோழி ஏன் மேல போச்சுன்னு ஊருல ஒருத்திக்குத் தெரியும். மகுடேஸ்வரின்னு பேரு, மகுடேசும்பாங்க. சென்னியப்பன் தீவன மில்லுல சோளம் பாத்து வாங்கறது அவ வேலை. வாய் கொஞ்சம் நீளம். அவ பேசி முடிக்கறதுக்குள்ள லாரி டிரைவருங்க ரெண்டு டீ குடிச்சுருவாங்க, ஆனா எந்திரிச்சுப் போவ மாட்டாங்க, ஏன்னா பேச்சுல சிரிப்பு இருக்கும்.

அந்த மில்லுல சோளம் வாங்கற மொறை இதுதான். லாரி எடைமேடை ஏறி எறங்கி, கட்டுன தார்ப்பாயோட வாசல்ல நிக்கும், மகுடேசு ஏணி போட்டு ஏறி, நடுவுல பள்ளம் வெச்ச குத்தூசிய ஓர மூட்டையில குத்தி உருவுவா, அந்தப் பள்ளத்துல வர்ற சோளத்த மோந்து பாப்பா, கடிச்சுப் பாப்பா, மிஷின்ல போட்டு ஈரம் பாப்பா, கடைசியா ஒரு பிடி அள்ளி வாளித்தண்ணியில போடுவா. நல்ல சோளம் முழுகும். வண்டு தின்னதும் பூசணம் பூத்ததும் மெதக்கும். மெதந்தா லோடு வந்த வழியே போகணும்.

ஆனா குத்தூசி ஓரத்துக்குத்தான் எட்டும். நடு மூட்டைய பாக்கணும்னா மூட்டைய எறக்கணும். ஒரு மூட்டை எறங்கி மில்லு மண்ணத் தொட்டுருச்சுன்னா அப்புறம் மொத்த லோடும் மில்லோடது, ஏன்னா உள்ள வந்த தானியத்தத் திருப்பி வெளிய அனுப்பறது மகாலட்சுமியக் கழுத்தப் புடிச்சுத் தள்ளறாப்பலன்னு சென்னியப்பனோட அப்பாரு, அப்பனுக்கு அப்பன், காலத்துலருந்து ஒரு வழக்கம். அந்த வழக்கம் இந்த மில்லுல மட்டுந்தான். அது தெரிஞ்ச புரோக்கருங்க ஓரத்துல தங்கமா அடுக்குவாங்க, நடுவுல குப்பைய அடுக்குவாங்க, குப்பை உள்ள வந்து மகாலட்சுமியா மாறிக்கும்.

இப்படித்தான் சித்திரையில ஒரு லோடு வந்துச்சு. ஓர மூட்டை அம்புட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் பளபளன்னு இருந்துச்சு. மகுடேசு சரின்னா. பாதி எறங்குனப்புறம் காத்துல ஒரு வாடை, நனைஞ்ச கோணிய மூணு மழைக்கு மூடி வெச்சாப்பல. ஓடுனா. நடு மூட்டைய கிழிச்சா. உள்ள சோளம் பச்சையும் சாம்பலுமா பூசணம் பூத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு.

"மேஸ்திரி, எறக்கறத நிறுத்துங்க!"

மூட்டை தூக்கறவங்களுக்கு மேஸ்திரி மாரப்பன். தலையில மூட்டையோட அப்படியே நின்னாரு. "ஏம்மிணி, பாதி எறங்கிருச்சு. மீதிய நாங்க தலையிலயே வெச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போறதா?"

"இத வந்து பாருங்க."

ஒரு பிடி அள்ளி வாளியில போட்டா. ஒரு மணி கூட முழுகல. அமுக்குனா, கைய எடுத்ததும் பந்தாட்டம் குதிச்சு மேல வந்துச்சு. மறுபடி அமுக்குனா. இந்தத் தடவை அது தண்ணியோட நிக்கல, நாலஞ்சு மணி வாளிய விட்டு எந்திரிச்சு, விளிம்பு தாண்டி, அவ மூக்கு ஒசரத்துக்கு வந்து ஆடாம நின்னுச்சு. மாரப்பன் கொசுவத் தட்டறாப்பல தட்டி விட்டாரு.

சென்னியப்பன் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நடந்தா பூமி சித்தெ தள்ளி எடம் குடுக்கற ஒடம்பு. வாளிய எட்டிப் பாத்தாரு.

"அதனால என்ன? நல்லதோட கலந்து அரைச்சிரு அம்மிணி. கோழிக்கு என்ன நாக்கா இருக்குது?"

"கோழிக்கு நாக்கு இருக்குதுங்க மொதலாளி. பேசத்தான் தெரியாது."

"அப்ப விடு. பேசத் தெரிஞ்ச நாக்கு மில்லுல ஒண்ணு இருக்குது, அதயும் கொஞ்சம் மடக்கி வெச்சுக்க."

"ஏனுங்க, பூசணத்த நல்லதோட கலந்தா பூசணம் நல்லதாகுமுங்களா? பால்ல சாணி உழுந்தா இன்னும் நாலு குடம் பால் ஊத்திட்டுக் குடிப்பீங்களா?"

சிரிச்சாரு. சிரிக்கறவங்கள ஒண்ணும் பண்ண முடியாது. லோடு குடோனுக்குப் போச்சு. குடோன்லருந்து அரவைக்குப் போச்சு. அந்த மில்லுத் தீவனம் சுத்துப்பட்டு அத்தன பண்ணைக்கும் போச்சு. அதே புரோக்கரு, நடுவுல அதே குப்பையோட இன்னும் லோடு லோடா அனுப்புனான், வாங்கத்தான் ஆளு இருக்குதே.

அப்புறம் கோழி மெதந்துச்சு.

இந்த எடத்துல ஊரு அலறியிருக்கணுமா இல்லியா? அலறல. பழகிருச்சு. முட்டை சரிவுக் கம்பியில கீழ உருண்டு வர்றதுக்குப் பதிலா மேல போயி ஒட்டிக்கிச்சு, அதனால அட்டையத் தலைகீழாப் புடிச்சு அப்பளம் எடுக்கறாப்பல எடுத்தாங்க. எடுத்த முட்டை பறந்துறக் கூடாதுன்னு வலை போட்டாங்க, வலை விக்கறதுக்கு ஒரு கடை வந்துச்சு, வலை கடையில ரிப்பன் வெட்டுனாங்க. முட்டை நின்னு கழிச்ச கோழிய வாங்க வர்றவன் கூடை கொண்டு வர்றத நிறுத்திட்டான், நூறு கோழிக் காலயும் ஒரு கயித்துல கட்டிக்கிட்டு மாலையாட்டம் தலைக்கு மேல இழுத்துட்டு நடந்தே போனான். கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள உள்ள வர்றப்ப பலூனுக்குப் பதிலா சேவல விட்டாங்க. காக்காய்ங்கதான் முதல்ல கோவிச்சுக்கிச்சு, ஒரு வாரம் கரண்டு கம்பியில உக்காந்து நாயம் பேசுச்சுங்க, அப்புறம் அதுங்களும் விட்டுருச்சுங்க. மாட்டாஸ்பத்திரியிலருந்து ஒரு டாக்டர் வந்தாரு, மேல மெதந்த கோழிய ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தாரு, "வயித்துல காத்து"ன்னாரு, மருந்து எழுதுனாரு, போறப்ப தலைகீழ் அட்டையில மூணு டசன் வாங்கிக்கிட்டாரு.

மகுடேசு புருசன் தனபால் முட்டை லாரி ஓட்டறான். அவன் சந்தோசம் சொல்லி மாளாது.

"மகுடேசு, வண்டி டீசலே குடிக்க மாட்டேங்குது பாத்துக்க. ஏத்தத்துல தானா ஏறுது. நேத்து வேகத்தடையில ஏறுனது, எறங்கவே இல்ல, அடுத்த வேகத்தடையிலதான் எறங்குச்சு!"

"சிரிக்கறயா? அந்த முட்டைய யாரு திங்கறாங்க?"

"ஊருதான் திங்குது."

"ஊருல நம்ம புள்ளயும் இருக்கறா."

 மக நிவன்யாவுக்கு நாலு வயசு. பால்வாடிக்குப் போறா. முட்டைன்னா உசுரு, மஞ்சக்கருவ முதல்ல எடுத்துத் தின்னுட்டு வெள்ளைய அப்பனுக்கு ஊட்டுவா. கோழி மெதந்த அன்னிக்கே வீட்டுல முட்டைய நிறுத்திட்டா மகுடேசு. வீட்டுல நிறுத்துனா பால்வாடியில குடுத்தாங்க, பால்வாடியில வேணாம்னா பக்கத்து வீட்டுல ஆம்லெட்டு குடுத்தாங்க, அங்கயும் சண்டை போட்டா ஒறம்பரை வந்த சொந்தக்காரங்க கேக்கு வாங்கியாந்து ஊட்டி விட்டாங்க. எத்தன வாயத்தான் மூடறது? ஊத்து எங்க இருக்குதோ அங்கயில்ல அடைக்கணும்.

ஒரு நாள் பொழுதோட பால்வாடியிலருந்து புள்ளயத் தூக்கி இடுப்புல வெச்சா. இடுப்பு நோவல. நாலு வயசுப் புள்ள, களியும் சோறும் தின்னு வளந்த புள்ள, இடுப்புல உக்காந்தா பெத்தவளுக்கு நோவணும், நொந்துக்கிட்டே "எறங்கி நட சாமி"ன்னு கெஞ்சணும், அதுதான் ஒலகம். நோவல. புள்ளய இடுப்ப விட்டு எடுத்து, மெதுவா கைய விலக்குனா. நிவன்யா கீழ உழுகல. அம்மா மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு, "அம்மா, நானு கோழி!"ன்னு சிரிச்சா.

திரும்பிப் பாத்தா, பால்வாடி சன்னல் கம்பியில கொழந்தைங்க வரிசையா இடுப்புல துண்டு போட்டுக் கட்டியிருக்குதுங்க. அம்புட்டும் அரையடி மேல ஆடுது. வளர்மதி டீச்சர் நிம்மதியா காலு நீட்டி உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கறாங்க.

"என்னங்க டீச்சர் இது?"

"இப்பத்தான் மகுடேசு எனக்கு நிம்மதி. முன்னெல்லாம் ஓடுங்க, உழுகுங்க, மண்ணத் திங்குங்க. இப்ப கட்டுன எடத்துல இருக்குதுங்க."

"எடை பாக்க ஆளு வந்தாங்களே, அவங்க என்ன சொன்னாங்க?"

"முள்ளு நகரலன்னு மிஷின மாத்தித் தந்துருக்கறாங்க. புது மிஷின். பாரு, ஸ்டிக்கரு கூட உரிக்கல."

மகுடேசு புள்ளயக் கையில எறுக்கிப் புடிச்சுக்கிட்டு வீட்டப் பாத்து நடந்தா. 

அதுக்கப்புறம் பெரியவங்களுக்கும் காலு தரையில எறங்காம மேல ஏற ஆரம்பிச்சுது. அதுக்கும் ஊரு பழகிருச்சு. தையக்காரரு பள்ளிக்கூடச் சட்டையில கல்லுப்பை வெச்சுத் தைச்சாரு. ஒருத்தன் இரும்பு அடிவெச்ச செருப்பு வித்தான், கனச்செருப்புன்னு பேரு, சைஸுக்குத் தக்கன கனம். பஸ்ஸுல கண்டக்டரு "மேல இருக்கறவங்க கொஞ்சம் தள்ளி மெதங்க"ன்னாரு. எளச்சிட்டேன் எளச்சிட்டேன்னு பொம்பளைங்க சில பேரு சந்தோசப்பட்டாங்க. மூட்டை தூக்கறவங்க ஒத்தையில ரெண்டு மூட்டை தூக்குனாங்க, மூட்டையும் லேசு, ஆளும் லேசு. அத்தன பேருல ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது ஏன்டா இப்படின்னு கேட்டானா? கேக்கல. கல்லு எங்க கெடைக்கும்னு கேட்டான்.

மகுடேசு மில்லுக்குப் போனா. மொதலாளி ரூமுக்குள்ள, கதவத் தட்டாம.

"மொதலாளி, குடோன்ல இருக்கற சரக்க வெளிய கொட்டுங்க. எம்புள்ள நிலத்துல நிக்க மாட்டேங்கறா."

"உம்புள்ள மட்டுமா? ஊரே லேசாத்தான் இருக்குது. யாராவது கொறை சொல்றாங்களா? நீதான் மூஞ்சியத் தூக்கிட்டு வர்ற."

"ஆடி வருதுங்க."

"வந்தா?"

"பாலக்காட்டுக் கணவாயிலருந்து காத்து வரும். தகரக் கூரையவே கழட்டிட்டுப் போற காத்து. கல்லுப்பை போட்ட புள்ளைங்க எங்க நிக்கும்?"

சென்னியப்பன் நாக்காலியில சாஞ்சாரு. நாக்காலி கிறீச்சுன்னு கத்துச்சு. "உள்ள வந்த தானியத்த வெளிய தள்ளச் சொல்றயே, எங்கப்பாரு ஆவி உன்ன சும்மா விடுமா? ஆடி நோம்பிக்கு மில்லு வாசல்ல விழா வெச்சிருக்கறேன். லேசு முட்டைன்னு பேரு பதிஞ்சாச்சு. சீக்கிரம் செமிக்கும், ஒடம்பு எளைக்கும்னு விக்கப் போறோம். பால்வாடிக் கொழந்தைங்கள முன்னாடி நிறுத்தப் போறோம், பலூனு கட்டுனாப்பல அழகா இருக்கும். உம்புள்ளயயும் கூட்டிட்டு வா. புதுத்துணி உண்டு."

வீட்டுக்கு வந்து புருசங்கிட்ட சொன்னா. தனபால் தலையச் சொறிஞ்சான். "புதுத்துணி குடுக்கறாங்கன்னா போயிட்டு வந்துருவோமே. ஊரோட ஒத்துப் போ மகுடேசு. நீ ஒருத்தி மட்டும் நிலத்துல நின்னு என்ன பண்ணப் போற?"

தெனமும் அந்தச் சோளத்தக் கடிச்சுப் பாத்தவளாச்சே, அவளும் நிலத்துல நிக்கல. ஒரு விரக்கடை மேலதான் நின்னா. ஆனா கோவம் வந்தப்ப மட்டும் குதிகால் தரையத் தொட்டுச்சு, அது அவளுக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

ஆடி நோம்பி வந்துச்சு. மில்லு வாசல்ல பந்தல், சீரியல் லைட்டு, தூசி கெளம்பக் கூடாதுன்னு வாசலெல்லாம் தண்ணி தெளிச்சு சேறும் மண்ணுமா இருந்துச்சு. முன் வரிசையில கொழந்தைங்க, ஒவ்வொண்ணுக்கும் இடுப்புல கயிறு, கயித்தோட நுனி அப்பன் கையில. ரோஸ் கலரு கவுன்ல நிவன்யா தனபால் தலைக்கு மேல ஒரு ஆளு ஒசரத்துல கொடியாட்டம் ஆடுனா. பண்ணை மொதலாளிங்க யாரும் வரல, பின்னாடி ஊரே கனச்செருப்புல நின்னுச்சு. மேடையேறிச் சென்னியப்பன் பேசுனாரு. இந்த ஊரு ஒசரத்துக்குப் போவுதுன்னாரு. நம்ம கொழந்தைங்கள யாரும் தொட முடியாத எடத்துக்கு வளப்போம்னாரு. கை தட்டுனாங்க, கை தட்டுன வேகத்துல சில பேரு நாலு வெரலு மேல போயிட்டு வந்தாங்க.

பேசி முடிச்சு எறங்கி, கொழந்தைங்களப் பாக்க முன் வரிசைக்கு நடந்து வந்தாரு. மகுடேசு அவரு காலப் பாத்தா. அப்புறம் ஈர மண்ணப் பாத்தா. வாசல் முச்சூடும் ஊரு நடந்த எடம், ஒரு காலடி இல்ல, கோழி கீறுன கோடாட்டம் கனச்செருப்புங்க ஒரசுன ஒரசல் மட்டும். மேடையிலருந்து முன் வரிசை வரைக்கும், ஒரே ஒரு மனுசனோட செருப்பு பள்ளம் பள்ளமா, தண்ணி ஊறி நிக்கற ஆழத்துல பதிஞ்சு கெடந்துச்சு.

"மொதலாளி, நில்லுங்க."

"என்ன அம்மிணி, விழாவுலயுமா?"

"உங்க காலு மட்டும் எப்படிங்க பதியுது?"

 எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க காலடியப் பாத்தாங்க, அப்புறம் அவரு காலடியப் பாத்தாங்க.

"நானு ஒடம்புல கொஞ்சம் பெரிய ஆளு..."

"மாரப்பன் மேஸ்திரி உங்கள விடப் பெரிய ஆளு. மேஸ்திரி, இங்க வாங்க. மிதிங்க."

மாரப்பன் வந்து, கனச்செருப்பக் கழட்டிட்டு, ஓங்கி மிதிச்சாரு. சேறு அசையல. மறுபடி மிதிச்சாரு. பஞ்சு உழுந்தாப்பல இருந்துச்சு. மூட்டை தூக்கித் தூக்கி முப்பது வருசத்துல குழிஞ்ச தோளு, அந்த மனுசன் மண்ணுல ஒரு தடம் வெக்க முடியாம நின்னு, மொதலாளியத் திரும்பிப் பாத்துக் கேட்டாரு.

"ஏனுங்க, உங்க வீட்டுல முட்டை திங்கறதில்லீங்களா?"

சென்னியப்பன் காரு நின்ன பக்கம் திரும்புனாரு. அவரு கார் டிரைவரு கூட்டத்துல இருந்தான், அப்பாவிப் பையன், கேள்வி தனக்குன்னு நெனச்சுட்டான். "திம்பாங்களே! வாரவாரம் மலை மேலருந்து நானுதான் வாங்கியாறேன். நாட்டுக்கோழி முட்டை. பண்ணை முட்டை வாசல் படி ஏறக் கூடாதுன்னு அய்யா சொல்லியிருக்கறாரு. அய்யாவோட பங்காளிங்க, பண்ணைக்காரங்க எல்லாத்துக்கும் சேத்துத்தான் வாங்குவேன்."

யாரும் கத்தல. அதுதான் பயம். கத்தியிருந்தா சமாளிச்சிருப்பாரு, சிரிச்சிருப்பாரு. முன்னூறு பேரு ஒண்ணும் பேசாம, ஒரு மனுசனோட ரெண்டு காலயே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்பத்தான் காத்து வந்துச்சு.

மேக்க புளிய மரம் சாஞ்சுது, பனை மட்டை படபடன்னு அடிச்சுக்கிச்சு, பந்தல் ஒரு மூச்சு வாங்கி, கம்போட எந்திரிச்சுப் போயே போச்சு. கனச்செருப்பு மண்ணோட இருக்க, ஆளுங்க செருப்ப விட்டு மேல போனாங்க. கயிறு அப்பங்க கையச் சுட்டுக்கிட்டு ஓடுச்சு. புள்ளயப் புடிச்சவன் புள்ளயோட போனான், அவன் வேட்டியப் புடிச்சவ அவனோட போனா. தனபால் கையிலருந்து கயிறு நழுவுச்சு. நிவன்யா சிரிக்கறத நிறுத்துனா.

"அம்மா!"

மகுடேசு குதிச்சா. குதிச்சா கீழ வரணும்ல, வரல, மேல போயிக்கிட்டே இருந்தா, அது ஒண்ணுதான் அந்தச் சோளம் அவளுக்குப் பண்ணுன ஒத்தாசை, எட்டிக் கயித்து நுனியப் புடிச்சுட்டா. புடிச்சா ரெண்டு பேரும் போறாங்க. கீழ பாத்தா. ஊரு முச்சூடும் காத்துல புழுதியாட்டம் சுத்துது, எடைமேடையில ஒரு லாரி ஆடுது, புடிக்க ஒரு மரம் பக்கத்துல இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தரையில கனமா, பத்திரமா, குடுகுடுன்னு காரப் பாத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அவளுக்கு அந்த மனுசன அடிச்சுக் கொல்லணும்னு இருந்துச்சு. எங்க வீட்டு அடுப்புச் சாம்பலக் கூடத் தொட விடக் கூடாதுன்னு இருந்துச்சு. அந்தக் கோவத்துல ஒடம்பு கனத்து, அவரு கழுத்துலதான் போயி உழுந்தா. உழுந்து, அவரு இடுப்பச் சுத்தி மகளோட கயித்த ரெண்டு சுத்துச் சுத்தி, தார்ப்பாய்க்குப் போடற முடிச்சு, இழுக்க இழுக்க எறுகற முடிச்சு, அதப் போட்டா.

"விடு! விடுடி! கார் எடுக்கணும்!"

"புடிங்க! இவரப் புடிங்க! இங்க கட்டுங்க!"

மாரப்பனுக்குத்தான் முதல்ல புரிஞ்சுது. பறந்துக்கிட்டே ரெண்டு புள்ளைங்களோட கயித்த எட்டி வாங்கி, வந்து அவரு தோள்ல கட்டுனாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. இடுப்புல, தோள்ல, அக்குள்ல, மணிக்கட்டுல, கால்ல, பால்வாடிக் கொழந்தைங்க அத்தனயும் அந்த ஒரு ஒடம்புலருந்து மேக்காலயும் கெழக்காலயும் சாஞ்சு சாஞ்சு ஆடுச்சுங்க, பெத்தவங்க அவரு கால்மாட்டுல மண்ணக் கட்டிப் புடிச்சுக் கெடந்தாங்க. அடுத்த காத்து அடிச்சப்ப சென்னியப்பனோட குதிகால் எந்திரிச்சுது. மண்ணுல பதிஞ்சிருந்த செருப்பு பளக்குன்னு சத்தத்தோட கழண்டுச்சு. பொறந்ததுலருந்து பூமிய நம்பி நின்ன மனுசன், முதல் தடவையா கால் வெரலத் தொழாவுனாரு.

"அய்யோ, போறேன்! அமுக்குங்கடா! மேஸ்திரி, அமுக்குய்யா!"

"எதுல அமுக்கறதுங்க? எனக்குத்தான் கனமே இல்லியே."

"அந்தச் சோளத்தக் கொட்டுங்கடா! குடோன்ல ஒரு மணி இருக்கக் கூடாது! வெளிய தள்ளுங்கடா எல்லாத்தயும்!"

எங்கப்பாரு, மகாலட்சுமி, ஆவி, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல பாத்துக்கங்க. தன் குதிகால் ஒரு விரக்கடை எந்திரிச்சதும் மூணு தலமொற வழக்கம் ஒரே மூச்சுல போச்சு. இத்தன நாளு ஊரு எந்திரிச்சப்ப எங்கய்யா போயிருந்துச்சு உங்க வாயி?

காத்து கொஞ்சம் அடங்குனதும் அவரத் தள்ளிக்கிட்டே குடோனுக்குள்ள போனாங்க. மூட்டை தூக்கறவங்க சுவத்தப் புடிச்சுப் புடிச்சு ஒவ்வொரு மூட்டையா வெளிய உருட்டுனாங்க. மில்லு வாசல் தாண்டி முதல் மூட்டை வெளிய போனப்ப இடி இடிக்கும், பல்லி கத்தும்னு சில பேரு காதப் பொத்துனாங்க. ஒண்ணும் இடிக்கல. பின்னாடி காட்டுல குழி வெட்டி, சோளம் எந்திரிச்சுறாம கல்லப் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடுனாங்க. கனச்செருப்பு மொத்தத்தயும் அது மேல குமிச்சாங்க. அரைச்சு வெச்ச தீவனத்தயும் பண்ணை பண்ணையாப் போயி வாரிக் கொண்டாந்து அதே குழியில போட்டாங்க, எந்தப் பண்ணைக்காரனும் குறுக்க நிக்கல, அவனவன் வீட்டு வாசல்ல காலடித் தடம் இருக்குதான்னு ஊரு பாத்துட்டுப் போன பொறவு யாரு நிப்பா?

ஆனா தின்னது ஒடனே எறங்குமா? மெதுவாத்தான் எறங்கும். ஆடிக் காத்தும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது, நெனச்சா வரும். அதனால காலியான குடோனுக்கு நடுவுல ஒரு பாயப் போட்டு, சென்னியப்பன உக்கார வெச்சாங்க. கயித்த அவுக்கல. கொழந்தைங்க தகரக் கூரைக்குக் கீழ மெதந்துக்கிட்டு, அவரு இருமுனா குலுங்கி, "தாத்தா, இன்னொருக்கா இருமுங்க!"ன்னு கேட்டுச்சுங்க. வேளாவேளைக்குக் களி வந்துச்சு, கீரை வந்துச்சு. வளர்மதி டீச்சர் பாட்டு சொல்லிக் குடுத்தாங்க, இப்ப காலு நீட்டி உக்காரல, நின்னுக்கிட்டே. தனபால் ஒவ்வொரு முடிச்சா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுச் சுத்தி வந்தான், ராத்திரியும் பகலும் அவன் கையிலருந்த கயித்துத் தழும்ப மகளுக்குக் காட்டாம மூடியே வெச்சிருந்தான்.

பண்ணைக்காரங்க ரெண்டு பேரு பேசித் தீத்துக்கலாம்னு வந்தாங்க. அவங்க காலும் பதியுதான்னு மாரப்பன் குனிஞ்சு பாத்தாரு. பதிஞ்சுது. அவங்களயும் ஆளுக்குப் பத்துப் புள்ளைங்களோட பாயில உக்கார வெச்சுட்டாங்க.

ஒரு மத்தியானம், வெளிய காத்து ஓய்ஞ்சிருந்த நேரம், நிவன்யாவுக்கு மகுடேசு ஏணி மேல நின்னு களி ஊட்டிக்கிட்டு இருந்தா. சென்னியப்பன் பாயில நெளிஞ்சாரு. இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. குரலத் தாழ்த்திக் கூப்புட்டாரு, ஊருக்குக் கேக்காம, ஒரு மனுசன் இன்னொரு மனுசங்கிட்டக் கேக்கறாப்பல.

"மகுடேசு... அம்மிணி... சித்தெ கயித்த அவுத்து விடு கண்ணு."

"எதுக்குங்க?"

"ஒண்ணுக்கு வருது."

மகுடேசு எறங்கி வந்தா. அவரு இடுப்புல இருந்த முடிச்ச இழுத்துப் பாத்தா, எறுக்கமா இருந்துச்சு. கூரையப் பாத்தா, முப்பது சொச்சம் மூஞ்சி ஆசையா கீழ பாத்துக்கிட்டு இருந்துச்சு. கக்கூசு குடோனுக்கு அந்தக் கோடியில, சுவரு ஓரமா.

"போயிட்டு வாங்க"ன்னா. "எல்லாத்தயும் கூட்டிட்டுப் போங்க."